அரண்மனைக் காதலும் வெங்காயக் கடிதமும்

எனக்குக் கடிதம் எழுத வராது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொல்கிறேன். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, எனக்குக் கடிதம் வராது. நான் படித்தது கணிதம், யாழ்ப்பாணத்தில் நாலு வருஷம் படிப்பித்ததும் கணிதம். விடை வந்ததும் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு எழும்பிப் போகிற பழக்கம். அப்படிப்பட்டவளிடம் போய், முகம் தெரியாத ஒரு மனிதருக்கு இரண்டு பக்கம் எழுது என்றால் எப்படி?

முகம் தெரியாத மனிதர் என்றது என் கணவரை. தொண்ணூற்றாறில் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து வந்து, தலைநகரில் வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தோம்: அம்மா, நான், என் தங்கச்சி. அங்கேதான் ஆக்லாந்துச் சம்பந்தம் வந்தது. சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது, இரண்டு பக்கமும் படம் அனுப்பியாயிற்று. அதற்குப் பிறகு அவர் எனக்கு நேராக ஒரு கடிதம் எழுதினார். மழை, பஸ், தான் வேலைசெய்யும் களஞ்சியம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இந்தக் கல்யாணத்தில் உங்களுக்கு விருப்பமா என்று.

நான் ஒரு கிழமை கழித்துப் பதில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மொத்தம் நாலு வரி. உங்கள் கடிதம் கிடைத்தது, எல்லோரும் சுகம். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றதால் எழுதப் பிந்திவிட்டது. இங்கே வெங்காயம் பாதிக்குப் பாதி அழுகலாகத்தான் வருகிறது. விருப்பமா என்று கேட்டீர்கள், ஆளைக் காணாமல் எப்படிச் சொல்வது, எனக்குப் பொய் எழுத வராது. அவ்வளவுதான். அம்மா பின்னேரம் என்ன எழுதினாய் என்று கேட்டபோது ஒளிக்காமல் ஒப்புவித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு கட்டிலில் இருந்துவிட்டார். வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அழுகல் வெங்காயத்தைப் பற்றி எழுதிய ஒரே மணப்பெண் நான்தானாம்.

ஆனால் அவர் பதில் போட்டார். அதற்குமேல் அம்மா என்னை நம்பவில்லை. பேனை தங்கச்சியின் கைக்குப் போயிற்று. அவள் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். பாதி நேரம் கதைப்புத்தகத்துக்குள் தலை. மழையைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதுவாள். எழுத்து மாறிவிடுமே என்று நான் ஒருதரம் கேட்டேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஆம்பிளையள் எழுத்தையே பாக்கப்போயினம்? விசயத்தைத்தான் பாப்பினம்," என்றாள்.

அவர் மூன்று கிழமை லீவில் வந்தார், கல்யாணம் நடந்தது, திரும்பிப் போனார். கண்டபிறகு எனக்கு அவரைப் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமைதியான மனிதர். ஆனாலும் விசா வரும்வரை கடிதம் தங்கச்சிதான் எழுதினாள், அது ஒரு வழக்கமாகப் போய்விட்டது. நான் மேலோட்டமாகப் பார்த்து, சரி ஒட்டு என்பேன். சிலதைப் பார்க்கவே இல்லை. எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு கடிதங்கள். அந்த இருபத்திரண்டும் எனக்கு முன்னால் ஆக்லாந்து போய்ச் சேர்ந்திருந்தன.

தொண்ணூற்றேழு தொடக்கத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். ஆக்லாந்தில் த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு மர வீட்டின் பின்பாதி எங்களுடையது. பின்முற்றத்தில் ஓர் எலுமிச்சை மரம், கேட்பாரில்லாமல் காய்த்துக்கொட்டும். எனக்குக் கிடைத்தது தற்காலிக விசா. இங்கே வந்தபின் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தோம். அது வரும்வரை சும்மா இருக்காமல் ஆங்கில வகுப்புக்குப் போகச் சொன்னார் கணவர். சிட்டியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தில், புதிதாக வந்தவர்களுக்கான வகுப்பு. தவணை முடியும்போது ஆளுக்கொரு புத்தகத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசவேண்டும் என்று ஆசிரியை அலுமாரியைத் திறந்துவிட்டார்.

அன்றைக்கென்று பஸ் பிந்திவிட்டது. நான் போகும்போது மெல்லிய புத்தகங்களையெல்லாம் கெட்டிக்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சமிருந்தது ஒரு செங்கல். ஜப்பானின் பழைய அரண்மனைக் கதைகளும் அரண்மனைப் பெண்களின் நாட்குறிப்புகளும், ஆங்கிலத்தில். அட்டையில் நிலம்வரை கூந்தல் விழுந்த ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்று ஆசிரியை உற்சாகமாகச் சொன்னார். எனக்கு அழுகை வரப்பார்த்தது.

முதல் இரண்டு கிழமை அந்தப் புத்தகத்தோடு சண்டை. ஒருவருக்கும் பெயர் கிடையாது. பதவியைச் சொல்லித்தான் ஆளைச் சொல்வார்கள், பதவி உயர்ந்தால் ஆளே மாறினமாதிரி இருக்கும். பெண்களுக்கு அதுவும் இல்லை, எந்த அறையில் இருக்கிறாளோ அந்த அறைதான் அவளுக்குப் பெயர். பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் என் கணவரைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறேன்? 'இஞ்சாருங்கோ' என்றுதானே காலம் ஓடுகிறது. அதற்குப் பிறகு கொஞ்சம் கோபம் குறைந்தது.

அந்த அரண்மனைக்காரர்களுக்கு வேலைவெட்டி ஒன்றும் இல்லை. நிலாப் பார்ப்பது, பூப் பார்ப்பது, யாருடைய சட்டையில் எத்தனை நிறம் அடுக்கடுக்காகத் தெரிகிறது என்று பார்ப்பது. பெண்கள் திரைக்குப் பின்னாலேயே இருப்பார்கள். திரைக்குக் கீழே சட்டைக் கையின் ஓரம் கொஞ்சம் வெளியே தெரியும், அதைக் கண்டே ஓர் ஆண்மகன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓரிடத்தில் வாய்விட்டே சிரித்துவிட்டேன். அவர்களும் நம்மைப்போலச் சூலம் பார்க்கிறார்கள்! இன்றைக்கு இந்தத் திசையில் போகக்கூடாது என்றால் போகமாட்டார்கள். வீட்டுக்குப் போகிற பாதையில் சூலம் என்றால் வேறு திசையில் யாருடைய வீட்டிலாவது போய்த் தங்குவார்கள். அந்த வீட்டில் ஒரு பெண் இருப்பாள், காதல் தொடங்கும். சூலத்தை இப்படியும் பாவிக்கலாம் என்று நம்முடைய ஆட்களுக்கு ஏன் தோன்றாமல் போயிற்றோ தெரியாது. அன்று சாப்பிடும்போது கணவருக்குச் சொன்னேன். அவரும் சிரித்துவிட்டு, என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பாகற்காய்க் கறி போட்டுவிட்டார். எனக்குப் பாகற்காய் கண்ணிலும் காட்டக்கூடாது. ஆனால் அவர் சனிக்கிழமை விடியற்காலை எழும்பி, தூரத்துச் சந்தைக்குப் போய் அதைத் தேடி வாங்கிவருவார். பாவம், அவருக்கு அவ்வளவு விருப்பமாக்கும் என்று வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

சிரிப்பெல்லாம் கடிதத்தில் வந்து நின்றது. அந்த உலகத்தில் காதல் என்றால் கடிதம். ஆளைக் காண வழியில்லை, குரலைக் கேட்க வழியில்லை, கடிதம் மட்டும் போகும், வரும். அதை எந்த நிறக் கடுதாசியில் எழுதுவது, எந்த மரக்கொப்பில் கட்டி அனுப்புவது என்றெல்லாம் முறை இருக்கிறது. கொண்டுவந்த ஆள் பதிலுக்காக வாசலில் காத்துக்கொண்டு நிற்பான், பதில் பிந்தினால் மானம் போய்விடும். கடிதம் கைக்கு வந்ததும் முதலில் என்ன பார்ப்பார்கள்? விசயத்தையா? மண்ணாங்கட்டி. எழுத்தைத்தான் பார்ப்பார்கள். மை எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது, கை எங்கே தயங்கியது என்று பார்ப்பார்கள். எழுத்தைக் கண்டே இவள் இப்படிப்பட்டவள் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. எழுதத் தெரியாத பெண்ணுக்கு, எழுதக் கூச்சப்படுகிற பெண்ணுக்கு, பக்கத்தில் இருக்கும் தோழி எழுதிக்கொடுப்பாள். அது அங்கே குற்றமில்லை. பிறகு ஒருநாள் அவளே எழுதும்போது எழுத்து மாறும். அந்த ஆண்மகன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, முன்பு வந்தது இவளுடைய கையில்லை என்று சொல்லிவிடுவான்.

புத்தகத்தை மூடி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டேன்.

அதுவரை அந்த இருபத்திரண்டு கடிதங்களை நான் பெரிதாக நினைக்கவே இல்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். வந்த நாளிலிருந்து அவர் கண்ணுக்கு முன்னால் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. கடைச் சாமான் எழுதுவதென்றாலும் ஆங்கிலம்தான். அவர் அதைப் பார்த்து, நல்லாப் பழகிறீர் என்று மெச்சுவார். அம்மாவுக்குக் கடிதம் போடுவதென்றால் அவர் வேலைக்குப் போனபின் எழுதி நானே தபாற்பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கைக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது, ஒளிக்கவேண்டும் என்று.

அந்தக் கிழமையே குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு கிழமையில் நேர்முகம். எங்கள் கல்யாணம் உண்மையானதுதான் என்பதற்கு ஆதாரம் கொண்டுவரவேண்டும். படங்கள், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், ஆங்கில மொழிபெயர்ப்போடு. இருவரையும் தனித்தனியாகவும் கேள்வி கேட்பார்கள். கணவர் சந்தோஷமாக எழும்பிப் போய், அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சப்பாத்துப் பெட்டியை இறக்கினார். உம்முடைய கடிதமெல்லாம் பத்திரமாக இருக்கு, ஆதாரத்துக்குக் குறையில்லை என்றார். நல்லதாக நாலைந்தைத் தெரிவுசெய்து வையும் என்று பெட்டியை என்னிடம் தந்தார்.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் குசினி மேசையில் பெட்டியைத் திறந்தேன். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு. முதல் கடிதம், என்னுடைய நாலு வரி, அதில் இல்லை. உள்ளபடி சொன்னால் அப்பாடா என்று இருந்தது. எறிந்திருப்பார், அழுகல் வெங்காயத்தை யார் பத்திரப்படுத்துவார்கள்? அது இல்லாவிட்டால் எழுத்தை ஒத்துப்பார்க்கவும் ஒன்றுமில்லை. தேநீர் போட்டுவந்து, நான் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை முதன்முதலாக முழுதாக வாசித்தேன்.

தேநீர் ஆறிப்போயிற்று. எனக்குக் கடலென்றால் உயிராம். அலைச்சத்தம் கேட்டால்தான் மனம் ஆறுமாம். நான் மழை நாளில் ஜன்னலோரம் இருந்து பாடுவேனாம். எனக்குப் பாகற்காய் என்றால் மிகவும் விருப்பமாம். எல்லாவற்றையும் அப்படியே நம்பியிருக்கிறார் அந்த மனிதர்! ஆறு மாசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆக்லாந்துக் காற்று காதுக்குள் புகுந்து மண்டை விண்விண்ணென்று இடிக்கும். நான் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, அவருக்கு விருப்பம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். அவரோ எனக்காக நடந்திருக்கிறார். பாகற்காயும் எனக்காக. அந்தப் பாகற்காயை ஏன் எழுதினாள் என்று பின்னொருநாள் தங்கச்சியிடம் தொலைபேசியில் கேட்டேன். கசப்பை விரும்பிச் சாப்பிடுகிறவள் பொறுமைசாலி என்று மாப்பிள்ளை நினைப்பாராம், அதற்காகத்தானாம். எனக்குப் பொறுமையாம்!

அன்றைக்கு எனக்கு வந்தது சிரிப்பில்லை, பொறாமை. பச்சையாகச் சொல்கிறேன், என் சொந்தத் தங்கச்சிமேல் பொறாமை. இந்த மனிதர் ஒவ்வொரு ஞாயிறும் கைபிடித்து நடந்தது யாரோடு? பாடுகிற, கடலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற அந்தக் கடிதக்காரியோடு. துவாய் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நடந்தவள் யாரோ ஒருத்தி. இதை அவர் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? தனியறையில் அதிகாரி என்னிடம், உனக்கு என்ன பிடிக்கும், நீ என்ன எழுதினாய் என்று கேட்டால் என்ன சொல்வது? கடல் பிடிக்கும் என்றால் பொய். பிடிக்காது என்றால், அவர் மற்ற அறையில் கடல் என்றால் அவளுக்கு உயிர் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பொய்க் கல்யாணம் என்று எழுதிவிட்டால் அதோடு சரி. திரும்பிப் போவதென்றால் வெள்ளவத்தையில் அதே அறை, வடக்கிலிருந்து வந்த தமிழர் என்று அதே பொலிஸ் பதிவு.

சொல்லத்தான் பார்த்தேன். அடுத்த ஞாயிறு கடற்கரையில் இரண்டு தரம் வாயைத் திறந்தேன், இரண்டு தரமும் காற்றுத்தான் உள்ளே போயிற்று. நீர் இண்டைக்கு ஒண்டும் கதைக்கேல்லை என்றார். காது நோகுது என்று சொல்லவேண்டியதுதானே? சொல்லவில்லை. கடல் வடிவாயிருக்கு என்றேன். என் வாயை நானே கிள்ளிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதேதான். மொழிபெயர்க்கக் கடிதம் தெரிவுசெய்தாயிற்றா என்று கேட்டபோதெல்லாம், படிப்பு இருக்கு, பிறகு பார்க்கிறேன் என்று இழுத்தேன்.

வகுப்பில் என் முறை வந்தது. நேர்முகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பத்து நிமிஷமும் நன்றாகத்தான் பேசினேன். சூலத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள், சட்டைக் கைக்கும் சிரித்தார்கள். தோழிகள் எழுதிக்கொடுக்கிற கடிதங்களைப் பற்றியும் சொல்லி முடித்தேன். ஒரு வியட்நாம் பெண், கடைசி வரிசையில் இருப்பவள், கையை உயர்த்தினாள். அப்படியானால் அந்த ஆண் யாரைக் காதலித்தான், எழுதியவளையா, திரைக்குப் பின்னால் இருந்தவளையா என்று கேட்டாள். நான் புத்தகத்தைத் திறந்து பக்கங்களைப் புரட்டத் தொடங்கினேன். நல்ல கேள்வி, தேநீருக்குப் போவோம் என்று ஆசிரியை காப்பாற்றினார்.

பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தேன். வாயால் வராது. எழுதத்தான் வேண்டும். இனி ஒரு நாளும் வேறு கை எழுதக்கூடாது.

மறுநாள் விடிய, அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் குசினி மேசையில் இருந்து எழுதினேன். தமிழில், என்னுடைய கோழிக்காலெழுத்தில். பெட்டியில் இருக்கிற இருபத்திரண்டும் என் தங்கச்சி எழுதியவை. எனக்குக் கடல் பிடிக்காது, காது நோகிறது. பாகற்காயும் பிடிக்காது. எனக்குப் பாட வராது. உங்களைப் பிடிக்கும், அது மட்டும் என்னுடையது. கோபமென்றால் கோபியுங்கள், ஆனால் அதிகாரிக்கு முதல் உங்களுக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். வாசித்துப் பார்த்தேன். ஆறு வரி. கணக்கில் செய்வதுபோல் கீழே இரண்டு கோடு போட்டேன்.

பிறகு நான் செய்த காரியத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பின்முற்றத்துக்குப் போய் எலுமிச்சையில் ஒரு சின்னக் கொப்பை முறித்து, கடிதத்தை மடித்து நூலால் அதில் கட்டினேன். அந்த அரண்மனைக்காரர்களை அவ்வளவு நக்கலடித்தவள் நான். அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்கு மேலே அதை வைத்து, பையை மூடிக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் அறியாமல், போட்டுவாறன் என்று போனார்.

பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. களஞ்சியத்திலிருந்து அவர்.

"கடிதம் கிடைச்சது," என்றார். பின்னால் யாரோ பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. "பின்னேரம் பதிலோட வாறன்."

வைத்துவிட்டார். கோபமா, கவலையா, ஒரு மண்ணும் குரலில் தெரியவில்லை. கடிதம் கொண்டுபோனவன் ஏன் வாசலிலேயே பழியாய்க் கிடக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று. பன்னிரண்டிலிருந்து நாலரைவரை நான் செய்தது: பருப்பை ஒருதரம் அடிப்பிடிக்கவிட்டேன், பானையைத் தேய்த்தேன், கூட்டின வீட்டைத் திரும்பக் கூட்டினேன், என் பயணப் பெட்டியைக் கட்டுவதென்றால் எதை முதலில் வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். எலுமிச்சைக் கொப்பு வேண்டாத வேலை என்று அதற்கும் என்னைத் திட்டினேன்.

நாலரைக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றினார், கையைக் கழுவினார். நேரே அறைக்குள் போய்த் தன் கடவுச்சீட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ஒரு கடுதாசி இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மண்ணெண்ணெய், வெங்காயம், பொய் எழுத வராது. மடிப்பு எல்லாம் தேய்ந்து, ஓரிடத்தில் கிழிந்து, ஒட்டுத்தாளால் ஒட்டியிருந்தது.

"இந்தக் கடிதத்துக்குத்தான் நான் ஓம் எண்டு சொன்னது," என்றார்.

கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவர் மெதுவாக, வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். இங்கே தனியாக இருந்த நாளில் கல்யாணப் பேச்சு என்று வந்ததெல்லாம் இனிப்புத்தானாம். எல்லோரும் நல்லவர்கள், எல்லோருக்கும் எல்லாம் விருப்பம். ஒருத்தி மட்டும் காணாமல் எப்படிச் சொல்ல என்று கேட்டாளாம். அதை வாசித்துவிட்டு அன்று முழுக்க வேலையிடத்தில் தனியாகச் சிரித்தாராம். இரண்டாவது கடிதத்திலேயே எழுத்து மாறிவிட்டது அவருக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். கையில் ஏதும் காயமோ என்றுகூடக் கவலைப்பட்டாராம்.

"அப்ப ஏன் என்னைக் கேக்கேல்லை?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்துவிட்டது. ஏழு மாசமாக நான் ஆங்கிலத்தில் கறிச்சாமான் எழுதியிருக்கிறேனே!

"பொய் எழுத வராது எண்டு எழுதின ஆள் எல்லோ நீர். எப்பிடியும் ஒருநாள் சொல்லுவீர் எண்டு இருந்தன்."

அப்போது நான் அழுதேன். அழ வெட்கமாக இருந்தது, ஆனால் அழுகை நிற்கவில்லை. நெஞ்சில் ஏழு மாசமாகக் கிடந்த கல்லை யாரோ தூக்கி வெளியே வைத்த மாதிரி இருந்தது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் தேநீர் போட்டார். பிறகு மெல்ல, கடல் உண்மையாகவே பிடிக்காதா என்று கேட்டார். பேனையை வேறு யாரோ பிடித்து எழுதினாலும் விசயம் என்னுடையது என்றுதான் அவர் நம்பியிருந்தார். பிடிக்காது என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அவருக்கும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம், ஞாயிறு கடலுக்குப் போனால் திங்கள் செவ்வாய் இரண்டு நாளும் தொண்டை கட்டிவிடுமாம். பாகற்காயை நான் சாப்பிடுகிறேன் என்பதற்காகத்தான் தானும் சாப்பிட்டாராம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பிறகு விழுந்து விழுந்து சிரித்தோம். மிச்சமிருந்த பாகற்காயைக் கொண்டுபோய் எலுமிச்சைக்கு அடியில் போட்டுவிட்டு வந்தார்.

இருபத்திரண்டு கடிதங்களும் பெட்டிக்குத் திரும்பிப் போயின. அதிகாரிக்குக் காட்டப் பழைய கடிதங்களில் என்னுடையது என்று ஒன்றுதான், அந்த நாலு வரி. அவர் எனக்கு எழுதியவை என்னிடம் இருந்தன, அவற்றையும் கல்யாணப் படங்களையும் சேர்த்தோம். மொழிபெயர்ப்பாளர் நாலு வரியையும் பார்த்துவிட்டு, பெண் எழுதியது இவ்வளவுதானா என்று இரண்டு தரம் கேட்டார். இவ்வளவுதான் என்றோம். இது போதுமா என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கும் பயம்தான். ஆனால் அது வேறு பயம். திரும்பிப் போனாலும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்ற பயம்.

நேர்முகம் சிட்டியில். முதலில் அவரைக் கூப்பிட்டார்கள், அரை மணிக்குப் பிறகு என்னை. வெளியே வந்த அவரை என்னோடு பேச விடவில்லை. அதிகாரி நடுவயதுப் பெண், மூக்குக்கண்ணாடி. என் நாலு வரியின் ஆங்கிலத்தை வாசித்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இதற்குப் பிறகு நீ எழுதவே இல்லையா என்று கேட்டார். என் தங்கச்சி எழுதினாள், எனக்குக் கடிதம் எழுத வராது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு கேட்டது ஒரே ஒரு கேள்விதான் எனக்கு நினைவிருக்கிறது: ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் என்ன செய்வீர்கள்?

முந்திய கிழமை என்றால் அந்தக் கேள்விக்கே நான் செத்திருப்பேன். ஏழு மாசமாகக் கடலுக்குப் போனோம் என்றேன். எனக்குப் பிடிக்கும் என்று அவர் நினைத்தார், அவருக்குப் பிடிக்கும் என்று நான் நினைத்தேன், இருவருக்குமே பிடிக்காது, போன கிழமைதான் தெரிந்தது, இனிப் போகமாட்டோம். என் ஆங்கிலத்தில் அதைச் சொல்லி முடிக்க நேரம் எடுத்தது. அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். உன் கணவரும் இதையேதான் சொன்னார், ஒரு சொல் மாறாமல், என்றார். பதினைந்து வருஷமாகக் கல்யாணக்காரரைக் கேள்வி கேட்கிறாராம், ஒரே விஷயம் பிடிக்காது என்று இரண்டு பேரும் இவ்வளவு சந்தோஷமாகச் சொல்லிக் கேட்டதில்லையாம். தன் பக்கத்தில் தடையில்லை, கடிதம் தபாலில் வரும் என்றார். மூன்றாம் கிழமை வந்தது.

வெளியே வந்து வீதியில் நின்றோம். தெருவின் கீழ்முனையில் துறைமுகம் நீலமாகத் தெரிந்தது, அங்கிருந்து காற்று நேராக எங்களை நோக்கி ஏறி வந்தது. பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. கொஞ்சம் நடந்துவிட்டுப் போவோமா, எந்தப் பக்கம் போவோம் என்று அவர் கேட்டார்.

நான் துறைமுகத்தைக் கையால் காட்டினேன்.

"அந்தப் பக்கம் சூலம்," என்றேன்.

அவர் வீதியிலேயே நின்று சிரித்தார். காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டுப் பக்கமாக நடந்தோம். எங்கள் வீட்டில் அந்தச் சூலம் இன்றுவரை விலகவில்லை.